அத்தியாயம் 9: மலைப்பாதையில் கியர் மாட்டிக்கொண்டால்

சேலம் கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு 1,500 மீட்டரை ஒட்டி. இடையில் இருப்பது அடிவாரத்தில் தொடங்கும் மலைப்பாதையும் அதன் 20 கொண்டை ஊசி வளைவுகளும். நான்கு கியர் கொண்ட பழைய காரில் இந்தப் பாதை ஏறுகிறவர் ஒவ்வொரு வளைவுக்கும் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறங்குகிறார், எதிரே பஸ் வந்தால் ஒன்றுக்கே போகிறார், வளைவு முடிந்ததும் மறுபடி மேலே மாற்றுகிறார். சமவெளியில் மாதக்கணக்காக ஓடினாலும் வராத வேலை கியர் பாக்ஸுக்கு ஒரே காலையில் வந்துவிடுகிறது. சென்னையிலோ சேலத்திலோ ஒழுங்காக இருந்த வண்டி ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் மாட்டிக்கொள்வதற்கு இதுதான் முதல் காரணம். மலை புதிதாக எதையும் கெடுப்பதில்லை. ஏற்கெனவே பாதி தேய்ந்திருந்ததை வெளியே கொண்டுவருகிறது.

இந்த அத்தியாயம் ஒரே ஒரு கோளாறைப் பற்றியது: போட்ட கியர் வெளியே வரவில்லை. ஓட்டுநர் இருக்கையில் இருந்து பார்த்தால் ஒன்றுபோலத் தெரியும் இந்தக் கோளாறுக்குப் பின்னால் நான்கைந்து வெவ்வேறு காரணங்கள் உண்டு. சிலவற்றுக்கு ஸ்பேனரே வேண்டாம். ஒன்றிரண்டுக்குத்தான் பெட்டியை இறக்க வேண்டும். எது எதுவென்று தெரியாமல் லீவரைப் பிடித்து இழுப்பதுதான் சின்னப் பழுதைப் பெரிய பழுதாக்குகிறது.

எந்த வண்டிகளுக்கு இது பொருந்தும்

எடுத்துக்காட்டாக நான் வைத்துக்கொள்வது ஸ்டாண்டர்டு ஹெரால்டு. சென்னைக்குத் தெற்கே வண்டலூரை ஒட்டிய ஆலையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் இதைத் தயாரித்தது. இதன் மூலம் 1959இல் இங்கிலாந்தில் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டு. அதே சேஸியைச் சுருக்கி, அதே குடும்பத்து எஞ்சினையும் கியர் பாக்ஸையும் வைத்துச் செய்யப்பட்டதுதான் 1962இல் வந்த டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார். இரண்டுக்கும் வடிவம் கொடுத்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கெலோட்டி. ஆகவே ஹெரால்டின் பெட்டியைப் புரிந்துகொண்டவருக்கு ஆரம்பகால ஸ்பிட்ஃபயரின் பெட்டி அந்நியமாக இராது. 1970களின் நடுவில் ஸ்பிட்ஃபயர் 1500க்கு வந்த ஒற்றைக் கம்பிப் பெட்டி வேறு அமைப்பு; அதற்கு இங்கே சொல்லும் வெளிச் சோதனைகள் பொருந்தும், உள் விவரங்கள் பொருந்தா.

பெட்டிக்குள் நடப்பது

சோதனைக்குப் போகுமுன் மூன்று விஷயங்கள் மனதில் இருக்க வேண்டும்.

ஒன்று, லீவர் பெட்டியின் நேர் மேலே இல்லை. பின்னால் தள்ளி இருக்கிறது. ஒரு நீட்டிப்புக் கூட்டுக்குள் ஓடும் கம்பி லீவரின் அசைவைப் பெட்டியின் மேல்மூடிக்குக் கொண்டுபோகிறது. வழியில் புஷ்களும் ஓர் இணைப்பும் உண்டு.

இரண்டு, மேல்மூடிக்குள் மூன்று செலக்டர் கம்பிகள் பக்கம் பக்கமாகக் கிடக்கின்றன. ஒன்று முதல், இரண்டாம் கியருக்கு, ஒன்று மூன்று, நான்குக்கு, ஒன்று ரிவர்ஸுக்கு. ஒவ்வொரு கம்பியிலும் ஒரு ஃபோர்க், கூர்முனைத் திருகு போட்டுப் பொருத்தப்பட்டிருக்கிறது. ஸ்பிரிங் அழுத்தும் முளை ஒன்று கம்பியின் பள்ளத்தில் விழுந்து அதை அந்தந்த இடத்தில் நிறுத்துகிறது. இவை போக, கம்பிகளுக்கு நடுவே ஒரு பூட்டு அமைப்பும் உண்டு: நடுக்கம்பியின் குறுக்கே ஒரு சிறு ஊசி, அதன் இரு பக்கமும் குண்டுகள். ஒரு கம்பி நகர்ந்தால் மற்ற இரண்டையும் இது பூட்டிவிடும். ஒரே நேரத்தில் இரண்டு கியர் விழாமல் காப்பது இந்தச் சில்லறைச் சாமான்தான்.

மூன்று, ஹெரால்டிலும் முற்கால ஸ்பிட்ஃபயரிலும் முதல் கியருக்குச் சின்க்ரோ கிடையாது. அதன் பற்சக்கரமே நகர்ந்து போய் எதிர்ப் பற்களோடு கோத்துக்கொள்கிறது. வண்டி உருண்டுகொண்டிருக்கும்போது வளைவில் அவசரமாக ஒன்றுக்கு இழுத்தால் கேட்கும் கரகரப்பு, அந்தப் பற்களின் ஓரம் உடையும் சத்தம். உடைந்து பிசிறடித்த ஓரம் பின்னொரு நாள் கியரை வெளியே விடாமல் பிடித்துக்கொள்ளும்.

வண்டி நின்றதும்

முதலில் சக்கரத்துக்குக் கல் கொடுங்கள். ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பி மலையில் எந்தச் சோதனையும் செய்யக் கூடாது. கியர் வெளியே வந்த மறுகணம் வண்டியைப் பிடித்து நிறுத்திக்கொண்டிருந்த எஞ்சினின் பிடி போய்விடும் என்பதை மறக்க வேண்டாம். ஏற்றத்தைப் பார்த்து நிற்கும் வண்டிக்குப் பின் சக்கரங்களின் பின்னாலும், இறக்கத்தைப் பார்த்து நிற்கும் வண்டிக்கு முன் சக்கரங்களின் முன்னாலும் இரண்டு பக்கமும் கல் வேண்டும். வேலை முடிந்ததும் அந்தக் கற்களை ஓரம் போட்டுவிட்டுப் போங்கள்; இரவில் இருசக்கர வண்டியில் வருகிறவருக்கு அவை எமன்.

கொண்டை ஊசி வளைவுக்குள்ளேயே நின்றுவிட்டால் அங்கிருந்து நகர்வது முதல் வேலை. ஒன்றிலோ இரண்டிலோ மாட்டியிருந்து கிளட்சும் வேலை செய்யவில்லையென்றால், சாவியைத் திருப்பி ஸ்டார்ட்டர் மோட்டார் பலத்திலேயே வண்டியைச் சில அடி நகர்த்தி ஓரம் கட்டலாம். பேட்டரிக்கு நல்லதல்ல, ஆனால் வளைவின் நடுவே நிற்பதைவிட நல்லது. ஆள் யாரும் வண்டிக்கு முன்னால் நிற்கக் கூடாது.

பிறகு எஞ்சினை நிறுத்திவிட்டு, லீவரைத் தொடாமல், இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். லீவர் என்ன சொல்கிறது? வண்டி என்ன சொல்கிறது? ஒரே வழக்கில் வந்த இரண்டு சாட்சிகள்போல இவற்றைத் தனித்தனியே விசாரிக்க வேண்டும். இரண்டும் எங்கே முரண்படுகின்றனவோ அங்கேதான் பழுது இருக்கிறது.

- எஞ்சின் ஓடும்போது லீவர் வராது, நிறுத்தினால் வரும்: கிளட்ச்.
- சரிவில் வராது, வண்டியை லேசாக ஆட்டினால் வரும்: பழுதே இல்லை, சுமை.
- லீவர் எங்கும் தளர்வாகப் போகிறது, வண்டி கியரிலேயே நிற்கிறது: வெளி இணைப்பு.
- லீவர் ஒழுங்காக நியூட்ரலில் நிற்கிறது, வண்டி கியரிலேயே இருக்கிறது: ஃபோர்க், அல்லது உள்ளே ஒரு புஷ் பிடித்துக்கொண்டது.
- கிளட்சை மிதித்தாலும் பின்சக்கரம் இம்மியும் அசையாது: இரண்டு கியர் விழுந்திருக்கிறது.

இனி ஒவ்வொன்றாகச் சோதிப்போம். வரிசையை மாற்ற வேண்டாம். சுலபமானதும் செலவில்லாததும் முதலில் வருகின்றன.

சோதனை 1: சுமைப் பிடிப்பு

ஏற்காட்டில் லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட் போன்ற இடங்களில் சரிவில் வண்டியைக் கியரில் விட்டு நிறுத்திவிட்டுப் போகிறோம். ஹேண்ட் பிரேக் பலவீனமாக இருந்தால் வண்டியின் முழு எடையும் கியரின் பற்களில் வந்து உட்கார்ந்துகொள்ளும். திரும்பி வந்து லீவரை இழுத்தால் வராது. கியர் பாக்ஸ் போய்விட்டது என்று பயப்படுகிறவர்களில் பலருக்கு நடந்தது இதுதான்.

சோதிப்பது எளிது. கல்லை வண்டிக்கு ஒரு விரற்கடை தள்ளி வையுங்கள். ஒருவர் இருக்கையில் உட்கார்ந்து கிளட்சை மிதித்து, லீவரை நியூட்ரல் பக்கம் மெதுவாக அழுத்திக்கொண்டிருக்கட்டும். மற்ற இருவர் வண்டியை ஏற்றத்தின் பக்கம் ஒரு தள்ளு தள்ளட்டும். எடை பற்களை விட்டு நீங்கும் நொடியில் லீவர் தானாக நழுவி வரும். வந்துவிட்டால் கியர் பாக்ஸைக் குறை சொல்ல வேண்டாம்; ஹேண்ட் பிரேக் கேபிளை இறுக்குங்கள். இனி நிறுத்தும்போது முதலில் கல், அடுத்து ஹேண்ட் பிரேக், கடைசியில் கியர் என்று பழகுங்கள்.

சோதனை 2: கிளட்ச்

சமதரைக்கு வந்த பிறகு செய்ய வேண்டிய சோதனை இது. எஞ்சினை நிறுத்திவிட்டு நான்கு கியரையும் போட்டு எடுத்துப் பாருங்கள். எல்லாம் வழுக்கிக்கொண்டு விழுந்து, எஞ்சின் ஓடும்போது மட்டும் தகராறு செய்தால் பெட்டி நலம். கிளட்ச் முழுதாக விடவில்லை என்று பொருள்.

ஹெரால்டின் கிளட்ச் எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்கிறது. பானெட் முழுவதும் முன்பக்கமாகச் சாய்ந்து திறக்கும் வண்டி என்பதால் மாஸ்டர் சிலிண்டரைப் பார்க்கச் சிரமமில்லை. டப்பாவில் எண்ணெய் குறைந்திருக்கிறதா, கறுத்திருக்கிறதா என்று பாருங்கள். ஒருவர் பெடலை மிதிக்க, இன்னொருவர் பெட்டியின் பக்கத்தில் இருக்கும் ஸ்லேவ் சிலிண்டரின் தள்ளுகம்பியைக் கவனிக்க வேண்டும். ஏறக்குறைய அரை அங்குலம் நகர வேண்டும். குறைவாக நகர்ந்தால் உள்ளே காற்று, அல்லது ரப்பர் வாஷர் தேய்மானம். இரண்டு மூன்று முறை பம்ப் செய்ததும் கியர் விழுந்தால் அதுவே சாட்சி. காற்று எடுத்து, வாஷர் செட் மாற்றினால் முடிந்துபோகும் வேலை. டாட் 3 தர பிரேக் ஆயில் தவிர வேறு எந்த எண்ணெயையும் அந்த டப்பாவில் ஊற்ற வேண்டாம். அவசரத்துக்கு எஞ்சின் ஆயில் ஊற்றினால் ரப்பர் எல்லாம் ஊதிப்போய், சாயங்காலத்துக்குள் பெடல் கீழேயே நின்றுவிடும்.

தள்ளுகம்பி சரியாக நகர்ந்தும் கிளட்ச் விடவில்லையென்றால் இரண்டு சந்தேகங்கள்.

முதலாவது, கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலில் ஒட்டிக்கொண்டிருக்கலாம். மழைக்காலம் முழுவதும் மலையில் எஸ்டேட் ஷெட்டில் நின்ற வண்டிகளுக்கு இது வழக்கமான நோய். மூடுபனியின் ஈரத்தில் துரு ஏறிப் பிடித்துக்கொள்கிறது. ஒரு கட்டையால் பெடலை மிதித்த நிலையில் முட்டுக்கொடுத்து ஓர் இரவு விட்டுப் பாருங்கள். மறுநாள் எஞ்சினை நன்றாகச் சூடாக்கி நிறுத்திவிட்டு, நான்காம் கியரில், கிளட்சை மிதித்தபடி ஸ்டார்ட் செய்து, நகரும் வண்டியில் ஆக்ஸிலரேட்டரை விட்டு விட்டுக் கொடுத்தால் பெரும்பாலும் பிரிந்துவிடும். இதைச் செய்ய அகலமான சமதரை வேண்டும். காபிக்கொட்டை காயவைக்கும் சிமெண்டுக் களம் காலியாக இருந்தால் பொருத்தமான இடம். மலைப்பாதையில் ஒருபோதும் கூடாது.

இரண்டாவது சந்தேகம் பெரிது. எஞ்சினை நிறுத்திவிட்டு ஒருவர் கிளட்சை மிதித்து விட, நீங்கள் முன்னாலிருந்து கிராங்க் புல்லியைக் கவனியுங்கள். பெடல் மிதிபடும்போது புல்லி கண்ணுக்குத் தெரிய முன்னால் வந்து போனால், கிராங்கின் திரஸ்ட் வாஷர்கள் தேய்ந்திருக்கின்றன அல்லது கழன்று விழுந்திருக்கின்றன. டிரையம்பின் சிறிய நான்கு சிலிண்டர் எஞ்சின்களுக்கு இது பேர்போன பலவீனம். கிளட்சை அழுத்தும் விசை கிராங்கையே தள்ளுவதில் வீணாகிறது. இந்த நிலையில் வண்டியை ஓட்டவே கூடாது. கியர் கோளாறு என்று சொல்லி வந்தது எஞ்சின் பிளாக்கையே பலிவாங்கிவிடும். அங்கேயே நிறுத்தி ரிகவரி வண்டிக்குச் சொல்லுங்கள்.

சோதனை 3: லீவரும் இணைப்பும்

கிளட்ச் சரி. லீவர் மட்டும் பிடிப்பில்லாமல் ஆடுகிறது, எந்தப் பக்கம் தள்ளினாலும் போகிறது, பெட்டியோ போட்ட கியரிலேயே நிற்கிறது. பழுது பெட்டிக்கு வெளியே இருக்கிறது என்று சந்தோஷப்படலாம்.

இந்த வண்டியின் பெரிய வசதி, பெட்டியை உள்ளிருந்தே பார்க்கலாம் என்பது. முன் இருக்கைகளையும் தரைவிரிப்பையும் எடுத்துவிட்டு, நடுவில் மேடுபோல இருக்கும் கியர் பாக்ஸ் மூடாக்கின் திருகுகளைக் கழற்றினால் மேல்மூடியும் நீட்டிப்புக் கூடும் கண்முன் இருக்கும். அந்த மூடாக்கு பழைய வண்டிகளில் அழுத்திய அட்டையால் ஆனது. ஈரத்தில் ஊறியிருந்தால் பிய்ந்துவிடும், பொறுமையாக எடுங்கள்.

இப்போது ஒருவர் லீவரை அசைக்கட்டும். அசைவு எதுவரை வருகிறது, எங்கே நின்றுபோகிறது என்று விரலை வைத்துத் தடவிக்கொண்டே போங்கள். லீவரின் அடிக்குண்டு உட்காரும் இடத்தில் புஷ் தேய்ந்திருக்கலாம். கம்பி இணைப்பில் போல்ட் தளர்ந்தோ கழன்றோ இருக்கலாம். இவை எல்லாம் மாற்றக்கூடிய சிறு சாமான்கள். அவசரத்துக்கு, நீட்டிப்புக் கூட்டைக் கழற்றிவிட்டு, மேல்மூடிக்குள் தெரியும் செலக்டர் கம்பியின் வாயை நீண்ட ஸ்குரூ டிரைவரால் நெம்பி நியூட்ரலுக்குக் கொண்டுவரலாம். மூன்று கம்பிகளின் வாய்களும் ஒரே கோட்டில் வந்தால் அது நியூட்ரல். ஒன்று மட்டும் முன்னாலோ பின்னாலோ தள்ளி நின்றால் மாட்டியிருக்கும் கியர் அந்தக் கம்பியுடையது.

மூன்று வாய்களும் ஒரே கோட்டில் இருந்தும் வண்டி கியரிலேயே நிற்கிறதா? அப்படியானால் பழுது மூடிக்குள்.

சோதனை 4: எத்தனை கியர், எந்தக் கியர்

சமதரையில், கிளட்சை மிதித்துக்கொண்டு வண்டியைத் தள்ளுங்கள். உருண்டால் ஒரு கியர்தான் மாட்டியிருக்கிறது. உருளவில்லையென்றால் அவசரப்பட்டு முடிவு கட்ட வேண்டாம். கிளட்ச் விடாமல் இருந்தாலும், பிரேக் பிடித்திருந்தாலும் உருளாது. பிரித்துப் பார்க்க வழி உண்டு.

ஸ்பார்க் பிளக் நான்கையும் கழற்றிவிட்டுத் தள்ளுங்கள். வண்டி உருண்டு, கிராங்க் புல்லியும் கூடவே சுற்றினால் கோளாறு கிளட்சில். அப்போதும் உருளவில்லையென்றால் பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, இரு புறமும் உறுதியான ஸ்டாண்டு கொடுத்து, முன் சக்கரங்களுக்குக் கல் வைத்து, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, ஒரு பின்சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். ஒரு சக்கரம் முன்னால் போக மற்றது பின்னால் போனால், பிரேக்கில் குற்றமில்லை, புரொப்பெல்லர் ஷாஃப்ட் பூட்டிக்கிடக்கிறது என்று அர்த்தம். அதற்கு ஒரே வழக்கமான காரணம், பட்டறையில் சொல்வதுபோல, “ரெண்டு கியர் விழுந்துருச்சு சார்.” வெவ்வேறு விகிதத்தில் சுற்ற வேண்டிய இரண்டு சக்கரங்கள் ஒரே ஷாஃப்டைப் பிடித்தால் அது எந்தப் பக்கமும் போக முடியாது.

ஒரு கியர் மட்டும் என்று தெரிந்தால், அது எது என்பதையும் கண்டுபிடிக்கலாம். பிளக்குகள் வெளியே இருக்கட்டும், கிளட்ச் பெடலை மிதிக்க வேண்டாம். ஷாஃப்டிலும் புல்லியிலும் சாக்பீஸ் கோடு போடுங்கள். புல்லியைச் சுற்றிக்கொண்டே ஷாஃப்ட் ஒரு முழுச்சுற்று வரும்வரை எண்ணுங்கள். புல்லி ஒரு சுற்று என்றால் நான்காம் கியர். ஏறக்குறைய ஒன்றரைச் சுற்று மூன்றாம் கியர். இரண்டுக்கு மேல் இரண்டரை வரை என்றால் இரண்டாம் கியர். நான்கை ஒட்டி வந்தால் முதல் கியர். ஷாஃப்ட் எதிர்ப்பக்கம் சுற்றினால் ரிவர்ஸ்.

மேல்மூடியைத் திறத்தல்

இந்தக் கட்டத்துக்கு வந்தவர்களுக்கும் நல்ல செய்தி உண்டு: மேல்மூடியைக் கழற்றப் பெட்டியை இறக்க வேண்டாம். எண்ணெயைக்கூட வடிக்க வேண்டாம். பெட்டியின் மேற்பகுதியை மண்ணெண்ணெய் தொட்ட துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு, போல்ட்டுகளைக் கழற்றி, மூடியை நேர் மேலாகத் தூக்குங்கள். நெம்பும்போது அலுமினியம் விளிம்பில் காயம் படக் கூடாது. சட்டைப் பையில் பேனா, திருகு எதுவும் இருக்க வேண்டாம். திறந்த பெட்டி விழுகிற எதையும் விழுங்கிவிடும்.

உள்ளே முதலில் பார்க்க வேண்டியது, நகரும் வளையங்கள் எங்கே நிற்கின்றன என்பது. மாட்டியிருக்கும் வளையம் ஒரு பக்கமாக ஒட்டிக்கிடக்கும். இரண்டு ஸ்குரூ டிரைவர்களை எதிரெதிராக வைத்து, இரு பக்கமும் சமமாக நெம்பி நடுவுக்குக் கொண்டுவாருங்கள். ஒரு பக்கம் மட்டும் நெம்பினால் வளையம் கோணிக்கொண்டு இன்னும் இறுகும். நடுவைத் தாண்டி மறுபக்கம் அதிகமாகப் போனாலும் ஆபத்து: சின்க்ரோ மையத்தில் இருக்கும் ஸ்பிரிங் குண்டுகள் வெளியே தெறித்தால் பெட்டியைக் கழற்றாமல் திரும்பப் போட முடியாது.

வளையம் நடுவுக்கு வந்ததும் ஷாஃப்ட் தாராளமாகச் சுற்றினால் பற்சக்கரங்கள் தப்பித்தன. இனி மூடியைத் திருப்பி, ஒரு துணி விரித்த தட்டின் மேல் வைத்துச் சோதியுங்கள். கம்பியை வெளியே இழுக்குமுன் மேலே துணி போட்டு மூடிக்கொள்ளுங்கள். குண்டும் ஸ்பிரிங்கும் பாய்ந்து ஓடும்.

1. ஃபோர்க்கின் திருகு. இதுதான் அதிகம் அகப்படும் குற்றவாளி. திருகு தளர்ந்தால் கம்பி நியூட்ரலுக்குப் போகும், ஃபோர்க் போகாது. லீவர் நியூட்ரல் என்று சொல்லும், வண்டி இல்லை என்று சொல்லும். ஓட்டுநர் லீவரை நம்பி அடுத்த கியரைப் போடுவார். பூட்டு அமைப்பு கம்பிகளைத்தான் காவல் காக்கிறது, ஃபோர்க்கை அல்ல. ஆகவே இரண்டாவது கியரும் விழுந்துவிடும். திருகை இறுக்கிப் பூட்டுக்கம்பி கட்டாமல் மூடியை மூட வேண்டாம்.
2. பூட்டுக் குண்டுகளும் ஊசியும். தேய்ந்திருக்கலாம். முன்பு யாரோ பெட்டியைக் கழற்றியபோது திரும்பப் போட மறந்திருக்கவும் கூடும். சோதிக்க, ஒரு கம்பியைக் கியருக்குத் தள்ளிவிட்டு இன்னொன்றைத் தள்ளிப் பாருங்கள். நகர்ந்தால் பூட்டு இல்லை. நடுக்கம்பியின் ஊசி உள்ளே இருக்கிறதா என்று தனியாகப் பாருங்கள். மிகச் சிறியது என்பதால் தவறிப்போவது அதுதான். அளவைக் கையில் கொண்டுபோனால் சேலத்தில் பேரிங் கடைகளில் குண்டு கிடைக்கும்.
3. நிறுத்து முளையும் ஸ்பிரிங்கும். ஸ்பிரிங் உடைந்து துண்டு பக்கவாட்டில் சிக்கினால் கம்பி நகராது. முளையில் மேடு விழுந்திருந்தாலும் அப்படியே.
4. ஃபோர்க்கின் நுனி. வளையத்தின் பள்ளத்தில் உட்காரும் இடம் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தால் கியர் பாதி தூரமே வெளியே வரும்.

திரும்பப் பொருத்தும்போது மூடியில் எல்லாக் கம்பிகளும், பெட்டியில் எல்லா வளையங்களும் நியூட்ரலில் இருக்க வேண்டும். மூன்று ஃபோர்க்குகளும் தத்தம் பள்ளத்தில் விழுந்தன என்பதைக் கண்ணால் பார்த்த பிறகே போல்ட் முடுக்குங்கள். நீட்டிப்புக் கூட்டை மாட்டுமுன், ஸ்குரூ டிரைவரால் ஒவ்வொரு கியரையும் போட்டு எடுத்து ஷாஃப்டைச் சுற்றிப் பாருங்கள். இந்தப் பத்து நிமிடம், மறுபடி ஒரு முறை இருக்கைகளைக் கழற்றும் வேலையை மிச்சப்படுத்தும்.

பெட்டியை இறக்கியே ஆக வேண்டிய நேரம்

மூடி திறந்திருக்கிறது, வளையங்கள் எல்லாம் நடுவில் இருக்கின்றன, ஆனாலும் எஞ்சினைச் சுற்றினால் ஷாஃப்டும் சுற்றுகிறது என்றால், ஷாஃப்டின் மேல் தனியாகச் சுழல வேண்டிய பற்சக்கரம் ஒன்று தன் புஷ்ஷோடு இறுகிவிட்டது. எண்ணெய் வற்றி ஓடிய பெட்டிகளுக்கு இது நேரும். நான்காம் கியர்போல ஒன்றுக்கு ஒன்றாகச் சுற்றினால் இன்புட் ஷாஃப்டின் நுனியில் இருக்கும் பேரிங்கைச் சந்தேகியுங்கள்.

எண்ணெயும் பேசும். வடித்து, வெள்ளைத் துணியில் ஊற்றி, காந்தம் காட்டிப் பாருங்கள். காந்தத்தில் ஒட்டாத மஞ்சள் மினுமினுப்பு சின்க்ரோ வளையத்தின் பித்தளை. கொஞ்சம் இருப்பது வயதின் அடையாளம். காந்தத்தில் ஒட்டும் ஊசி போன்ற துணுக்குகள் பேரிங். நகத்துண்டு அளவுக்கு விழுந்தால் பல் உடைந்திருக்கிறது. பின் இரண்டில் எதைக் கண்டாலும் மேல்மூடியோடு வேலையை முடித்துக்கொள்ளக் கூடாது.

பெட்டியை இந்த வண்டியில் உள்பக்கமாகவே, இருக்கைகள் இருந்த இடம் வழியாக வெளியே எடுக்கலாம். இரண்டு ஆள் போதும். பிரித்துச் சேர்ப்பதற்குப் பழைய கார் நிபுணரைத் தேடிச் சென்னை வரை போக வேண்டும் என்பதில்லை. சேலத்தைச் சுற்றிச் சங்ககிரி, நாமக்கல் வட்டாரம் லாரித் தொழிலின் தாயகம். மூன்று கம்பி, ஃபோர்க், குண்டு, ஸ்பிரிங் என்ற அமைப்பு பழைய லாரி மெக்கானிக்குகளுக்குக் கைப்பழக்கமான ஒன்று. அளவு சிறிது, அவ்வளவே. உதிரிப் பாகத்தை மட்டும் நீங்கள் வரவழைத்துக் கொடுக்க வேண்டியிருக்கும். ஸ்பிட்ஃபயருக்கு இங்கிலாந்தில் இன்றும் பாகங்கள் தயாராவது ஹெரால்டு வைத்திருப்பவர்களின் அதிர்ஷ்டம்.

மலையிலிருந்து இறக்குவது

முதல் அல்லது இரண்டாம் கியரில் மாட்டி, கிளட்ச் நன்றாக இருந்தால், வண்டியை மெதுவாக அதே கியரில் ஓட்டி அடிவாரம் வரை இறங்கலாம். இறக்கத்துக்கு எப்படியும் அந்தக் கியர்தான் தேவை. மூன்றிலோ நான்கிலோ மாட்டியிருந்தால் இறங்க வேண்டாம். எஞ்சினின் பிடி போதாமல் 20 வளைவுக்கும் பிரேக்கையே மிதிக்க வேண்டிவரும். டிரம் பிரேக் சூடேறிப் பாதி வழியில் கைவிட்டுவிடும். கிளட்சை நழுவவிட்டு ஏறுவதும் கூடாது, பிளேட் கருகிவிடும்.

இரண்டு கியர் விழுந்த வண்டியை இழுத்தால் பின்சக்கரம் உருளாமல் தேயும். புரொப்பெல்லர் ஷாஃப்டின் பின் ஃப்ளாஞ்சில் அடையாளக் கோடு போட்டு, நான்கு போல்ட்டுகளைக் கழற்றி, ஷாஃப்டைக் கம்பியால் மேலே கட்டிவிட்டால் சக்கரங்கள் விடுபடும். சமதரையில், நான்கு சக்கரத்துக்கும் கல் வைத்த பிறகே வண்டிக்கு அடியில் போக வேண்டும். அதன் பின் வண்டிக்கு எஞ்சின் பிடி அறவே கிடையாது. ஆகவே கயிறு கட்டி மலை இறக்க நினைக்காதீர்கள். மேல் தளத்தில் ஏற்றிச் செல்லும் ரிகவரி வண்டிதான் ஒரே வழி.

பழுது பார்த்த பிறகு

பெட்டிக்கு இ.பி. 90 எண்ணெய், ஜி.எல். 4 தரம், ஏறக்குறைய 0.85 லிட்டர், பக்கத்துத் துளையில் வழியும்வரை ஊற்றினால் அளவு சரி. ஜி.எல். 5 என்று எழுதியிருப்பது விலை கூடுதல் என்பதால் உயர்ந்தது என்று எண்ண வேண்டாம். அதில் சேர்க்கும் கந்தகப் பொருள்கள் சின்க்ரோவின் பித்தளையை அரிக்கக்கூடும்.

ஓட்டிப் பார்ப்பதை மலையில் தொடங்காதீர்கள். முதலில் களத்திலோ காலியான சமசாலையிலோ ஒவ்வொரு கியரையும் போட்டு எடுங்கள். ரிவர்ஸை மறக்க வேண்டாம். அடுத்து ஊருக்குள் ஏரியைச் சுற்றிய சாலையில் எண்ணெய் சூடாகும்வரை ஓட்டுங்கள். குளிர்ந்த எண்ணெயில் மறைந்திருக்கும் கோளாறு சூட்டில் தெரியும். பிறகு நிறுத்தி, மூடியின் விளிம்பில் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். இவை தேறிய பிறகுதான் மலைப்பாதை. முதல் முறை மேலிருந்து கீழே இறங்காமல், கீழிருந்து மேலே ஏறிப் பாருங்கள். ஏற்றத்தில் கியர் தகராறு செய்தால் வண்டி நிற்கும். இறக்கத்தில் தகராறு செய்தால் ஓடும். ஏற்காட்டிலேயே பழுது பார்த்த வண்டியானால், முதல் இறக்கத்துக்கு வழி முழுவதும் இரண்டாம் கியரிலேயே வாருங்கள்.

வளைவுக்குள் நுழைந்த பிறகு கியர் மாற்றும் வழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். வளைவுக்கு முன்பே, நேர்சாலையில், இரண்டாம் கியருக்கு வந்துவிட வேண்டும். ஒன்று தேவைப்பட்டால் வண்டியை முழுதாக நிறுத்திப் போடுங்கள், அல்லது லாரி ஓட்டுநர்கள்போல டபுள் கிளட்ச் போடக் கற்றுக்கொள்ளுங்கள்: கிளட்ச் மிதித்து நியூட்ரல், கிளட்சை விட்டு ஒரு சின்ன ஆக்ஸிலரேட்டர், மறுபடி கிளட்ச், கியர். கரகரப்பு இல்லாமல் ஒன்று விழுந்தால் சரியாகச் செய்கிறீர்கள். என்றைக்காவது கியர் வெளியே வர மறுத்தால், முதல் இழுப்போடு கையை எடுத்துவிட்டு, இறங்கிக் கல் வைத்து, இந்த அத்தியாயத்தின் முதல் சோதனையிலிருந்து தொடங்குங்கள்.